கனவு அப்பாவுக்கு, பயம் அம்மாவுக்கு

‘கனா’ (2018) படத்தை மூன்றாவது முறை பார்த்தபோதுதான் அதில் வரும் அம்மாவைச் சரியாகக் கவனித்தேன். அருண்ராஜா காமராஜ் இயக்கியது, குளித்தலைக் கதை. விவசாயி முருகேசன் (சத்யராஜ்) இந்தியா தோற்றால் அழுகிறார். அந்தக் கண்ணீரைப் பார்த்து மகள் கௌசல்யா (ஐஸ்வர்யா ராஜேஷ்) பந்தைக் கையில் எடுக்கிறாள். கனவு மொத்தமும் அப்பாவுடையது. பயமும் திட்டும் அம்மாவின் பங்கு. இவளைத் தாண்டி மகள் எப்போது போவாள் என்றுதான் தியேட்டரில் காத்திருந்தோம்.

இந்தப் பங்கீட்டோடுதான் எனக்குச் சண்டை.

பூதலூரில் அக்கா கோகோ, நான் கபடி. வெளியூர் போட்டி என்றால் எனக்கு ஐம்பது ரூபாயும் பாசஞ்சர் ரயிலும் போதும். அக்காவுக்கு அழைப்பு வந்தபோது அம்மா கேட்டாள்: “ராத்திரி எங்கடி படுக்கிறது? கூட டீச்சரம்மா யாராச்சும் வர்றாங்களா? பாத்ரூமுக்குத் தாப்பா இருக்கா?” “பாத்துக்கலாம்மா” என்பதைத் தாண்டி யாரிடமும் பதில் இல்லை. அக்கா போகவில்லை. அம்மாவைப் பத்தாம்பசலி என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன்.

இன்று ஆபீஸில் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் நான் கேட்பதும் இதே ரகம்தான்: எங்கே உடையும், உடைந்தால் யார் பார்ப்பது? எனக்கு அதற்காகச் சம்பளம் தருகிறார்கள். 2023 ஜனவரியில் வினேஷ் போகத்தும் சாக்‌ஷி மாலிக்கும் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, அம்மாவின் கேள்வி டெல்லி வரை போய்விட்டதாகவே தோன்றியது.

ஆனால் அம்மாவையும் சும்மா விட முடியாது. அந்த மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் கேட்டதில்லை. பெஞ்சை ஒதுக்கிவிட்டு வகுப்பறையில் படுப்போம், தாழ்ப்பாள் இருந்ததா என்பதே நினைவில்லை. எங்கள் டீமில் சின்னப் பையன் ஒருவன் ஒரு பயணத்துக்குப் பிறகு ஆட வரவே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரித்தோம். என்னடா ஆச்சு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. 2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிப்பதில்லை. பிரிப்பது வீடுதான்.

‘கனா’ எனக்குப் பிடித்த படம். பெண்ணை மைதானத்துக்கு அனுப்பும் துணிச்சல் அதற்கு இருக்கிறது. அம்மாவுக்குப் பதில் சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம்.

இப்போது அக்கா மகள் கோகோ ஆடுகிறாள். போன மாதம் வெளியூர் போட்டி. அக்கா பள்ளிக்கே போய் அதே மூன்று கேள்வியையும் கேட்டாளாம். நாலாவதாக, “பையன்க எங்க சார் படுப்பாங்க?”