பெயர் உதிர்ந்த சிப்பி

1830களில் லண்டனில் மார்க்கஸ் சாமுவேல் நடத்திய கடையில் கீழை நாடுகளிலிருந்து வந்த கிளிஞ்சல்கள் விற்றன. அவருடைய மகன்கள் மண்ணெண்ணெய் வியாபாரத்தில் இறங்கியபோது அப்பா விற்ற சரக்கை மறக்கவில்லை. 1892இல் சூயஸ் கால்வாய் வழியே எண்ணெய் கொண்டுபோன அவர்களுடைய கப்பலின் பெயர் ‘மியூரெக்ஸ்’. அது ஒரு கடல் சங்கின் பெயர். 1897இல் தொடங்கிய கம்பெனிக்கு ‘ஷெல்’ என்றே பெயர் வைத்தார்கள்.

1901இல் வந்த முதல் லோகோ ஒரு மட்டி. அதில் ரசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1904இல் விசிறிபோல் விரிந்த சிப்பி வந்தது. கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. அந்தப் பழைய படம் கறுப்பு வெள்ளை. வரிவரியான மேடு பள்ளங்கள், நிழல் விழும் இடங்கள் எல்லாம் உண்டு. உயிரியல் புத்தகத்துக்காக வரைந்தது என்று சொன்னாலும் நம்பலாம். கடிதத் தாளைக் கையில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த நுணுக்கம் போதும்.

வியாபாரம் சாலைக்கு வந்ததும் பார்க்கிறவர் காரில் போகிறவராகிவிட்டார். 1915இல் கலிஃபோர்னியாவில் பெட்ரோல் பங்க்குகள் கட்டியபோது சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தன. அந்த மாநிலத்தின் ஸ்பானியத் தொடர்பை நினைத்து அந்நிறங்களை எடுத்தார்கள் என்பார்கள். காரணம் எதுவானாலும், தூரத்திலிருந்து கண்ணை இழுக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

1948இல் சிப்பியின் மேலேயே பெயரை எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. சிப்பியின் வரிகளும் எழுத்தும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. படத்தின் மேல் நம்பிக்கை குறைந்தவர்கள் செய்கிற வேலை அது.

அதைச் சரிசெய்தவர் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி. 1971இல் அவர் வரைந்த சிப்பியில் நிழல் இல்லை, மேடு பள்ளம் இல்லை. தடித்த சிவப்பு விளிம்பு, உள்ளே மஞ்சள், நடுவே சில கோடுகள். பெயர் இறங்கிச் சிப்பிக்குக் கீழே போய்விட்டது. அந்தக் கோடுகளைக் கவனியுங்கள். மேல் விளிம்பின் வளைவுகளிலிருந்து புறப்பட்டு அடியை நோக்கிக் குவிகின்றன. தட்டையான படத்துக்கு உப்பிய உடம்பு கொடுப்பவை அவைதாம். அவற்றையும் எடுத்திருந்தால் மஞ்சள் விசிறி ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். எதை நீக்கலாம் என்பதைப் பலரும் சொல்லிவிடுவார்கள்; எங்கே கை வைக்கக் கூடாது என்று லோவிக்குத் தெரிந்திருந்தது.

1999இல் கீழே இருந்த பெயரும் போயிற்று. உலகமெல்லாம் கடை விரித்த பிறகு சிப்பிக்கு எழுத்துத் துணை தேவைப்படவில்லை. ஐம்பது ஆண்டுகள் தாண்டியும் லோவியின் கோடுகள்தாம் நிற்கின்றன. ஷெல் பங்க்குகள் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. அடுத்த முறை வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது ஒரு நிமிடம் நிமிர்ந்து அந்தக் கோடுகளைப் பாருங்கள்.