தம்மைத் தாமே ஆராயும் அறிஞர்

பிறர் குற்றத்தை ஆராய்வதுபோல் தன் குற்றத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. பிறரை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட மேலைநாட்டு வெள்ளை அறிஞர் சிலர், தம் நிறம் தமக்களித்த உயர்வையும் ஆராய முற்பட்டனர். அம்முயற்சியின் நிறைகுறைகளை, நம் மண்ணை அறிந்த ஒருவரின் எழுத்தைக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

காத்லீன் கஃப் 1925இல் இங்கிலாந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர். 1947 முதல் 1949 வரை கேரளத்திலும், 1951 முதல் 1953 வரை தஞ்சையிலும் ஆய்வு செய்தவர். தஞ்சைச் சிற்றூர் ஒன்றின் அந்தணர் உறவுமுறையைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நுட்பமான கட்டுரைதான், எனினும் வயலில் நின்று உழைத்தவர் அதன் மையத்தில் இல்லை.

பின்னர் அவர் பார்வை தம்மேல் திரும்பிற்று. மானிடவியல் மேலை ஏகாதிபத்தியத்தின் பிள்ளை என்றும், ஆய்வாளர் பெரும்பாலும் ஆளும் இனத்தவராய், ஆள்வோர் சட்டத்தின் காவலில் இருந்தனர் என்றும் 1968இல் எழுதினார். 1981இல் வெளிவந்த அவருடைய பெருநூல் அதே தஞ்சையை மீண்டும் காண்கிறது. நிலம் யாருடையது, உழைப்பு யாருடையது என்னும் வினாக்கள் இப்போது முன்னிற்கின்றன. களம் பழையது; கண் புதிது. ஆயினும், அட்டவணைகள் மிகுந்த அந்நூலில் உழைப்போரின் சொந்தக் குரல் போதிய அளவு கேட்கவில்லை என்பதே என் கருத்து.

அமெரிக்கரான பெக்கி மெக்கின்டாஷ், வெள்ளைத் தோல் தமக்குத் தரும் சலுகைகளை 1988இல் பட்டியலிட்டார். பயனுள்ள பணிதான். ஆனால் பட்டியல் எழுதிய மனநிறைவோடு நின்றுவிடும் இடர் அதில் உண்டு. கஃப் அவ்வாறு நிற்கவில்லை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் 1969இல் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றுப் பதவியிழந்தார். இழக்கத் துணியாத தன்னாய்வு அரைகுறையானது.

அன்பர்களே, இது வெள்ளையர் கதை மட்டுமன்று. கேரள எல்லையில் நாம் மொழிச் சிறுபான்மையினர். அக்குறையை ஓயாது பேசுகிறோம். ஆனால் மைய அரசு எழுத்தனாகிய எனக்கும், மூணாற்றில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் நிலை ஒன்றா? 2015 செப்டம்பரில் அப்பெண்கள், ‘பொம்பிளை ஒருமை’ என்று தம்மை அழைத்துக்கொண்டு, இருபது விழுக்காடு போனசு கேட்டுத் தெருவில் அமர்ந்தனர். நான் அச்செய்தியைப் படித்துவிட்டு நாளிதழை மடித்துவைத்தேன். அவ்வாரமே சங்க மேடையில் கண்ணகியின் நீதிக்குரலை வியந்து பேசினேன்! முன்வரிசையில் இருந்தோர் கைதட்டினர். அவர்களுள் தோட்டத் தொழிலாளர் ஒருவரும் இல்லை. அதை நான் அன்று கவனிக்கவுமில்லை.

கஃபின் நூலில் கேளாத குரல் இன்று வேறோரிடத்தில் ஒலிக்கிறது. பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஜெயசீலன் ராஜ், தேயிலைத் தோட்ட நெருக்கடியைப் பற்றி 2022இல் தாமே நூல் எழுதியுள்ளார். ஆராயப்பட்டவரே ஆராய்கிறார். நம் கடமை, அவரைப் போன்றோர் பேசுமிடத்தில் கேட்போராக அமர்வது. அடுத்த ஆண்டுவிழாவில் என் பேச்சுக்குரிய நேரத்தைத் தோட்டத்துச் சகோதரி ஒருவர்க்கு அளிக்க வேண்டுமெனச் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.