இயக்குநர் மூவர், கப்பல் ஒன்று: ‘மிஸ்டர் ராபர்ட்ஸ்’ படத்தை உருவாக்கியவர்கள்

படைவீரர் வாழ்வை நகைச்சுவையாகக் காட்டும் படங்கள், இரண்டாம் உலகப் போருக்கு அமெரிக்கா ஆள்சேர்க்கத் தொடங்கிய நாள்களிலேயே ஹாலிவுட்டில் பெருகத் தொடங்கிவிட்டன. அபட், காஸ்டெல்லோ இணை நடித்து 1941இல் வெளிவந்த ‘பக் பிரைவேட்ஸ்’ முதல் 1970இல் வந்த ‘மேஷ்’ வரை நீளும் அந்த வரிசையில், பயிற்சி முகாமின் கெடுபிடியையோ போர்முனையின் அபத்தத்தையோ வைத்துச் சிரிப்பு மூட்டிய படங்களே மிகுதி. 1955 ஜூலையில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘மிஸ்டர் ராபர்ட்ஸ்’ இவ்விரண்டிலும் சேராது. பசிபிக் பெருங்கடலில் போர்முனைக்கு வெகு பின்னால், பற்பசையும் கழிவறைத் தாளும் ஏற்றிக்கொண்டு தீவுக்குத் தீவு செல்லும் ஒரு சரக்குக் கப்பலின் சலிப்பே அதன் கதைப்பொருள். போருக்குப் போகத் துடிக்கும் சரக்கு அதிகாரி ராபர்ட்ஸ், தம் பதவி உயர்வுக்காக அவரை விட மறுக்கும் கப்பல் தலைவர் மார்ட்டன், கப்பல் தலைவரின் கண்ணில் படாமலேயே மாதக்கணக்கில் காலந்தள்ளும் இளநிலை அதிகாரி பல்வர், எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த மருத்துவர் ஆகிய நால்வரைச் சுற்றியே கதை நகர்கிறது.

இந்தச் சலிப்பு கற்பனையில் பிறந்தது அன்று. மூல நாவலை 1946இல் எழுதிய தாமஸ் ஹெகன், போர்க்காலத்தில் ‘விர்கோ’ என்னும் கடற்படைச் சரக்குக் கப்பலில் அதிகாரியாகப் பணியாற்றியவர். நாவல் ஒரே கதையாக ஓடாமல், கப்பலில் நிகழ்ந்த சிறு சிறு சம்பவங்களின் கோவையாக அமைந்திருந்தது. அதை மேடைக்கேற்ற கட்டுக்கோப்புக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு நாடக இயக்குநர் ஜோஷுவா லோகனுடையது. இருவரும் சேர்ந்து எழுத, லீலண்ட் ஹேவர்ட் தயாரிக்க, 1948 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஆல்வின் அரங்கில் ஏறிய நாடகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள் நடந்து, அவ்வாண்டின் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது. டோனி என்பது அமெரிக்க நாடகத்துறை ஆண்டுதோறும் வழங்கும் உயரிய விருது. ஹெகன் இந்த வெற்றியை நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1949இல், முப்பதாவது வயதில், குளியல் தொட்டியில் மூழ்கி இறந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்.

மேடையில் ராபர்ட்ஸாக நடித்தவர் ஹென்றி ஃபோண்டா. போரின்போது கடற்படையில் சேர்ந்து பசிபிக் களத்தில் பணியாற்றியவராதலால், அந்தச் சீருடை அவருக்கு வெறும் நாடக உடையாக இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே வேடத்தை ஏற்றதால், எந்த வசனத்துக்கு அரங்கம் எத்தனை நொடி சிரிக்கும் என்பது வரை அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. ஆனால் படம் எடுக்கும் வேளை வந்தபோது நிறுவனத்தின் கணக்கு வேறாக இருந்தது. 1948இன் ‘ஃபோர்ட் அப்பாச்சி’க்குப் பின் ஃபோண்டா திரையில் முதன்மை வேடம் எதுவும் ஏற்றிருக்கவில்லை, வயதும் ஐம்பதை நெருங்கியிருந்தது. வில்லியம் ஹோல்டன், மார்லன் பிராண்டோ முதலிய பெயர்கள் பேசப்பட்டன. ஃபோண்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர், படத்தை இயக்க ஒப்பந்தமாகியிருந்த ஜான் ஃபோர்ட். பின்னால் நடந்ததை நோக்கும்போது இந்தப் பிடிவாதம் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

ஃபோர்டும் கடற்படைக்காரர்தாம். போர்க்காலப் படப்பிடிப்புப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கி, 1942இல் மிட்வே தீவின்மீது ஜப்பானியர் குண்டு வீசியபோது அங்கேயே நின்று படம்பிடித்துக் காயமும் பட்டவர். அவரது குழுவினரும் அவருக்குப் பழகியவர்களே. திரைக்கதையை லோகனுடன் பகிர்ந்துகொண்ட ஃபிராங்க் நியூஜெண்ட், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் திரை விமர்சகராக இருந்து ஃபோர்டின் எழுத்தாளராக மாறியவர். ஒளிப்பதிவாளர் விண்டன் ஹோக், ‘தி குவையட் மேன்’ உள்ளிட்ட ஃபோர்டின் வண்ணப் படங்களுக்காக ஆஸ்கர் பெற்றவர். துணை வேடங்களில் வார்ட் பாண்ட், ஹாரி கேரி ஜூனியர், ஃபோர்டின் மருமகன் கென் கர்ட்டிஸ், ஜான் வெய்னின் மகன் பேட்ரிக் வெய்ன் என்று ஒரு குடும்பமே கப்பலில் ஏறிக்கொண்டது. அதே மிட்வேயில் படப்பிடிப்பு நடந்த இப்படம் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. காட்சியை அகலவாக்கில் சுருக்கிப் பதிந்து, திரையிடும்போது மீண்டும் விரித்துக் காட்டும் இம்முறை, மிட்வேயின் திறந்த கடலுக்குப் பொருந்திய அளவுக்குக் கப்பலின் இடுக்கமான அறைகளுக்குப் பொருந்தவில்லை.

பூசல் மிட்வே தீவிலேயே வெடித்தது. மேடையில் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்த வசனங்களை ஃபோர்ட் தம் விருப்பப்படி மாற்றி, மாலுமிகளின் கோமாளித்தனத்தை மிகைப்படுத்தியது ஃபோண்டாவுக்குப் பொறுக்கவில்லை. குறையைச் சொல்லும்படி கேட்ட ஃபோர்ட், கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் குத்திவிட்டார். ‘யங் மிஸ்டர் லிங்கன்’, ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எனப் பல ஆண்டுகள் நீண்டிருந்த உறவு அத்துடன் முறிந்தது. பின்னர் மன்னிப்புக் கேட்டாலும், ஃபோர்டின் இயக்கத்தில் ஃபோண்டா மீண்டும் நடிக்கவே இல்லை. விரைவிலேயே பித்தப்பை நோயால் ஃபோர்ட் அறுவை மருத்துவத்துக்குச் செல்ல, மெர்வின் லீராய் படத்தைத் தொடர்ந்தார். அவருக்குப் பின் லோகனே அழைக்கப்பட்டுச் சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார். ஆயினும் இயக்குநராக அவர் பெயர் திரையில் இடம்பெறவில்லை. யார் எவ்வளவு எடுத்தார் என்பதில் சம்பந்தப்பட்டவர்களின் கூற்றுகளே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. படத்தைக் கூர்ந்து பார்ப்பவருக்கு ஒட்டுப்போட்ட இடங்கள் புலப்படாமலில்லை: குடித்துவிட்டுத் தள்ளாடும் மாலுமிகளின் ஆரவாரம் ஒரு படத்தையும், ராபர்ட்ஸின் அறைக்குள் நிகழும் நிதானமான உரையாடல் வேறொரு படத்தையும் சேர்ந்தவைபோல இருக்கின்றன.

ஆயினும் படம் சிதறவில்லை. அதற்குக் காரணம் நால்வரின் நடிப்பே. ராபர்ட்ஸும் மருத்துவரும் பல்வரும் சேர்ந்து போலி விஸ்கி கலக்கும் காட்சி இதற்குத் தக்க சான்று. மருத்துவ ஆல்கஹாலில் நிறத்துக்குக் கோகோ கோலாவும், சுவைக்கு ஒரு சொட்டு அயோடினும், முதிர்ச்சிக்குக் கூந்தல் தைலமும் சேர்க்கும் மருத்துவராக வரும் வில்லியம் பவல், நோயாளிக்கு மருந்து எழுதித்தரும் அதே முகபாவத்தோடு அதைச் செய்கிறார். பேசாப்படக் காலத்திலிருந்தே நடித்துவந்த பவலுக்கு இதுவே கடைசிப் படம். கப்பல் தலைவராக வரும் ஜேம்ஸ் கேக்னி, கத்திப் பேசும் சிடுமூஞ்சியாக மட்டும் அந்த வேடத்தைச் சுருக்கிவிடாமல், வாணிகக் கப்பலில் எடுபிடியாக இருந்தபோது மேல்தட்டு இளைஞர்களிடம் பட்ட அவமானத்தை உள்ளே வைத்திருக்கும் ஆளாக ஆக்கினார். பரிசாகக் கிடைத்த ஒரு பனைச்செடிக்கு அவர் நீரூற்றும் விதத்தில் பதவி ஆசை முழுவதும் தெரிகிறது.

பல்வராக நடித்த ஜாக் லெமன் அப்போது திரைக்குப் புதியவர். போரின் முடிவில் அவரும் கடற்படையில் பல்வரின் அதே பதவியில் இருந்தவர். தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் இடக்கைக்காரராகத் தாம் நடித்ததை, முதல் சந்திப்பிலேயே கேக்னி நினைவுபடுத்திக் கேட்டதாக லெமன் பிற்காலத்தில் கூறிவந்தார். பதினான்கு மாதங்களாகத் தம் கப்பலிலேயே இருக்கும் அதிகாரியைக் கப்பல் தலைவர் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கும் காட்சியில், சிரிப்பை அடக்கவேண்டி இருவரும் பலமுறை ஒத்திகை பார்த்ததைக் கேக்னியும் பதிவு செய்துள்ளார். லெமனின் திறம் வெடிச்சிரிப்போடு முடியவில்லை. சலவை அறையில் வெடி வைத்து, தாழ்வாரம் முழுதும் பொங்கிவரும் சோப்பு நுரைக்குள்ளிருந்து வெளிவரும் அதே பல்வர், ராபர்ட்ஸ் தற்கொலைத் தாக்குதல் விமானத்தால் கொல்லப்பட்ட செய்தியைக் கடிதத்தில் படித்ததும், குரலில் ஓர் இழையைக்கூட உயர்த்தாமல் எழுந்து சென்று, பனைச்செடியைக் கடலில் எறிகிறார். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. சிறந்த நடிகர் பட்டியலில் ஃபோண்டாவின் பெயர் இடம்பெறாதது நியாயமன்று; மற்ற மூவரும் ஆட இடம்விட்டு, தாம் அசையாமல் நின்ற அந்த அடக்கத்தாலேயே அவர் கவனிக்கப்படாமல் போனார்.

இதன் தொடர்ச்சியாக 1964இல் வெளிவந்த ‘என்சைன் பல்வர்’ படத்தை லோகன் ஒருவரே தயாரித்து இயக்கினார். குறுக்கிட வேறு இயக்குநரும் இல்லை, குத்துச்சண்டையும் இல்லை. பல்வராக ராபர்ட் வாக்கர் ஜூனியரும், கப்பல் தலைவராக பர்ல் ஐவ்ஸும் நடித்த அப்படம் எடுபடவில்லை. மருத்துவராக நடித்த வால்டர் மேத்தாவும், மாலுமிகளில் ஒருவராக வந்துபோகும் இளம் ஜாக் நிக்கல்சனும் பின்னால் அடைந்த புகழுக்காகவே இன்று அது தேடிப் பார்க்கப்படுகிறது.