ஈரத்தைப் பூட்டிவைக்கும் படுதா

காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஐப்பசியில், களத்திலும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலிலும் கிடக்கும் நெல் அம்பாரங்களுக்குப் படுதாவை விட்டால் வேறு காவல் இல்லை. பழைய கித்தானை ஓரங்கட்டிவிட்டு இன்று பரவலாக விற்கும் பல்லடுக்கு நெகிழித் தார்ப்பாய், இழுவைத் திசைகள் ஒன்றையொன்று வெட்டுமாறு படலங்களை ஒட்டிச் செய்யப்படுவதால், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் எளிதில் ஓடுவதில்லை. ஜி.எஸ்.எம். எனப்படும் சதுர மீட்டர் எடைக் கணக்கைக் கடைக்காரர்களே போதிய அளவு முழங்குவதால், அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அறுவடைப் பருவம் நெடுகக் களத்தில் பயன்படுத்திப் பார்க்கும்போது, மழையைத் தடுப்பதில் இந்தப் படுதா சிறிதும் குறைவைப்பதில்லை. ஆனால் வெளிநீரை உள்ளே விடாத படலம் உள்நீரையும் வெளியே விடுவதில்லை என்பது முதல் சில இரவுகளிலேயே தெரிந்துவிடுகிறது. அறுத்த பின்னும் நெல்மணி சுவாசித்துக்கொண்டிருப்பதால், ஈர நெல்லின் அம்பாரம் உள்ளூரச் சூடேறி நீராவியை வெளிவிடுகிறது; இரவில் குளிர்ந்த படலத்தின் அடிப்பக்கத்தில் அந்த ஆவி துளிகளாகத் திரண்டு, மேல் அடுக்கு நெல்லின்மீதே சொட்டுகிறது. கொள்முதலுக்குப் பொதுவாக ஏற்கப்படும் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. 22 விழுக்காட்டு ஈரத்தில் அறுக்கப்பட்ட ஒரு டன் நெல் அந்த வரம்புக்கு இறங்க ஏறத்தாழ 60 லிட்டர் நீரை இழந்தாக வேண்டும். அந்த நீர் போக வழியின்றி மூடிவைக்கப்பட்ட நெல், ஒரு துளி மழையும் படாமலேயே மேலே முளைவிட்டு, உள்ளே பழுத்து நிறம் மாறுகிறது. ஒரு போகத்து உழைப்பு முழுவதும் இப்படிப் பாழாவதைத் தாங்கிக்கொள்ளவே முடியாது.

மெழுகேற்றிய பருத்தித் துணியான கித்தான், நூலிழை இடைவெளிகள் வழியே ஆவியை ஓரளவு வெளியேற்றிவந்தது. நனைந்தால் ஆள் தூக்க முடியாத பாரமும், காயாமல் மடித்தால் பூஞ்சை பிடிப்பதும் அதன் குறைகள் என்றாலும், நெல்லைப் பொறுத்தவரை அதுவே நல்ல துணை.

நெகிழிப் படுதாவை நம்புவோர், அம்பாரத்தின் முகட்டில் மூங்கிலை நிறுத்தி நெல்லுக்கும் படுதாவுக்கும் இடைவெளி விடுவதும், மழை விட்டவுடன் பக்கங்களைச் சுருட்டிக் காற்றோட விடுவதும் இன்றியமையாதவை. மேடைமேல் மூட்டைகளை அடுக்கித் திறந்தவெளியில் மூடிவைக்கும் கேப் சேமிப்பு முறையிலும், வானம் வெளுத்த நாள்களில் உறைகளைத் தூக்கிக் காற்றுக் காட்டுவது விதியாகவே இருக்கிறது.

இப்படி நாளும் கட்டி அவிழ்க்கும்போதுதான் அடுத்த எரிச்சல் தலைதூக்குகிறது: படலம் ஆண்டுக்கணக்கில் உழைக்கக்கூடியதாக இருக்க, கயிறு கோக்கும் அலுமினிய வளையங்கள் முதல் பெருங்காற்றிலேயே பிய்த்துக்கொள்கின்றன. விளிம்பை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைக்காத படுதாவை, எத்தனை ஜி.எஸ்.எம். என்று சொல்லி விற்றாலும் வாங்குவது வீண்.

இதே படுதாவைக் களத்தில் கீழே விரித்து அதன்மேல் நெல்லைக் காயவைத்தால், மண்ணின் ஈரமும் கல்லும் சேராமல் காக்கிறது. ஆவி புகாத படலத்திற்கு உரிய இடம் நெல்லின் அடிப்புறமே. ஆகவே கைவசம் இரண்டு படுதாக்கள் இருந்தால், நெகிழியைக் கீழே விரித்துக் கித்தானை மேலே போர்த்துவதே தக்கது.