மின்னூற் பக்கங்களில் தலைப்புக் குறிகள்: ஒரு பதிப்பியல் நோக்கு

நூலின் உறுப்புகளைத் தொல்காப்பியச் செய்யுளியல் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என நான்காக வகுக்கிறது. சூத்திரங்கள் இயைந்து ஓத்தாகும். ஓத்துகள் இயைந்து படலமாகும். மூன்றையும் அடக்கி நிற்பது பிண்டம். சிறியது பெரியதனுள் அடங்கும் இதே முறையை வலைப்பக்க மொழியான எச்.டி.எம்.எல்.-இலும் காணலாம். 1995-இல் வெளிவந்த அதன் 2.0 வரையறையிலேயே எச்1 முதல் எச்6 வரை ஆறு நிலைத் தலைப்புக் குறிகள் இடம்பெற்றன. தொல்காப்பியத்தை வலையேற்றுவோர் நூற்பெயருக்கு எச்1, அதிகாரத்திற்கு எச்2, இயலுக்கு எச்3 என இடுவதில் சிக்கல் ஏதுமில்லை. நூற்பா தலைப்பன்று, அது பாடம். நூற்பா எண்களையும் தலைப்பாக்கினால் இயல்களின் 27 தலைப்புகள் ஏறத்தாழ 1600 எண்களுக்கிடையே மறைந்துபோகும்.

நடைமுறை இதற்கு மாறாக உள்ளது. தமிழ் மின்னூற் பக்கங்கள் பலவற்றில் அதிகாரப் பெயர் தடித்த எழுத்தில், சற்றுப் பெரிதாக, நடுவில் நிற்கிறது. தலைப்புக் குறி இல்லை. குறி இடப்பட்ட இடங்களிலும் நிலை கருதப்படுவதில்லை. எச்1 மிகப் பெரிதாகத் தோன்றுகிறது என்று எச்4 இடுவதும், நன்றியுரை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதற்கு எச்2 இடுவதும் காணப்படுகின்றன. எழுத்தின் அளவை முடிவு செய்வது நடைத்தாளின் வேலை. தலைப்புக் குறி சொல்வது அடக்க உறவு ஒன்றையே. இவ்விரண்டும் மயங்கியதே குறைகளுக்கு மூலம்.

இக்குறை கண்ணால் படிப்போருக்குப் புலனாகாது. என்விடிஏ போன்ற திரைபடிப்பான்களில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 1 முதல் 6 வரையிலான எண் விசைகளை அழுத்தினால் அந்தந்த நிலைத் தலைப்புக்கும் செல்லலாம். பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் 133 அதிகாரங்களும் ஒரே பக்கத்தில் உள்ள திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ அதிகாரத்தைத் தேடுவதாகக் கொள்ளலாம். குறிகள் இருப்பின் அதிகாரத் தலைப்புகளை மட்டும் கேட்டு அவர் அவ்விடத்தை அடைவார். பொருட்பாலில் ஒன்றும் காமத்துப்பாலில் ஒன்றுமாக அப்பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. எதில் நிற்கிறோம் என்பதையும் மேல்நிலைத் தலைப்பே உணர்த்தும். தடித்த எழுத்து மட்டும் இருப்பின் சொல் தேடல் இரண்டையும் காட்டும், பாலைக் காட்டாது.

குறி இடுவது தொழில்நுட்பருக்கு மட்டும் உரிய பணி எனக் கருதுவது பொருந்தாது என்பதற்குத் திருக்குறளே சான்று. பால், அதிகாரம் ஆகியவற்றை இடுவதில் தயக்கத்திற்கு இடமில்லை. இடைப்பட்ட இயல் அவ்வாறானதன்று. பரிமேலழகர் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களைக் களவியல் 7, கற்பியல் 18 எனப் பகுத்தார்; மணக்குடவர் பகுப்பு வேறு. வலைப்பக்கமொன்று ‘களவியல்’ என எச்3 இடும்போது ஓர் உரையாசிரியரின் பகுப்பு நூலின் உறுப்பாகிவிடுகிறது. அச்சு நூலில் முகவுரையும் அடிக்குறிப்பும் இதனை விளக்கும். தேடுபொறி வழியாக நேரே ஓர் அதிகாரத்தில் வந்திறங்கும் மாணவருக்கு அவை எட்டுவதில்லை. எனவே யார் பகுப்பு என்பதை இயல் தலைப்பிலேயே சேர்த்தல் வேண்டும். அன்றேல் இயலை நீக்கி அதிகாரத்தை எச்3 ஆக்கலாம். இயலை நீக்கியபின் அதிகாரத்தை எச்4-இலேயே விட்டுவைப்பது ஒரு படியை இல்லாத இடத்தில் காட்டுவதாகும்.

நிலையைக் கணினியே கணக்கிடும் என்ற நம்பிக்கையும் ஒருகாலத்தில் இருந்தது. எச்.டி.எம்.எல்.5 வரைவு, பகுதிகளுக்குள் பகுதிகளை வைத்தால் எல்லாத் தலைப்புகளுக்கும் எச்1 இட்டாலும் போதும் என்றது. உலாவிகள் அதனைச் செயற்படுத்தவே இல்லை. 2022-இல் வரையறையிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அதனை நம்பி உருவான பக்கங்களில் நூற்பெயரும் அதிகாரப் பெயரும் ஒரே நிலையில் நிற்கின்றன.

புறநானூற்றில் சிக்கல் வேறுவிதமானது. திணை, துறை, பாடியோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகள் பாட்டின் பின்னரே வருவன. பிற்கால எளிய பதிப்புகள் சில ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் பெயர் சூட்டின. வலைப்பக்கங்கள் அப்பெயர்களுக்கே தலைப்புக் குறி இட்டன. இதனால் புலவர் இடாத பெயர் தேடல் முடிவுகளில் பாட்டின் பெயராகவே உலவுகிறது. பாட்டின் எண்ணைத் தலைப்பாகவும், சூட்டிய பெயரைச் சூட்டியவர் பெயருடன் பாட்டின் கீழும், திணை துறைக் குறிப்புகளைத் தலைப்புக் குறியின்றிப் பாட்டின் இறுதியிலும் அமைத்தால் சுவடி மரபும் சிதையாது, பாட்டுக்குப் பாட்டு தாவிச் செல்வோருக்கும் இடையூறு நேராது.