புள்ளியை நம்பி ஓர் ஆமையைப் பிரிக்கலாமா?

பாலாமையை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. மேலோட்டின் மீது தோல் போர்த்தியிருக்கும். புரட்டிப் பார்த்தால் வயிற்றோட்டின் பின்புறம் இரண்டு மடல்கள் தெரியும். பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அவை கதவுபோல் மூடிக்கொள்ளும். இந்திய ஆறுகளில் வாழும் வேறெந்த மெல்லோட்டு ஆமைக்கும் இந்த மடல் கிடையாது. குஞ்சானாலும் முதிர்ந்ததானாலும் இந்த அடையாளம் பொய்க்காது. உருவத்தை வைத்து இனங்காணும் முறையை யார் குறைசொன்னாலும், முதலில் இந்த மடலைக் கணக்கில் எடுத்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆனால் சிற்றினத்துக்கு அடுத்த படியில், கிளையினத்தில், அதே முறை தடுமாறுகிறது. லிஸ்ஸெமிஸ் பங்க்டாட்டா என்ற இந்தச் சிற்றினத்தில் சிந்து, கங்கைப் படுகைகளில் வாழ்வது மஞ்சள் புள்ளியுள்ள ஆண்டர்சோனி. தெற்கே, நம் ஏரி குளங்களில் இருப்பது புள்ளியில்லாத பங்க்டாட்டா. நடு இந்தியாவில் விட்டாட்டா. பிரிப்பதற்குப் பெரிதும் நம்புவது நிறத்தை. நிறமோ வயதோடு மாறும். சாராயத்தில் ஊறிய அருங்காட்சியக மாதிரியில் மங்கும். மடலுக்குக் கொடுக்கும் நம்பிக்கையைப் புள்ளிக்கும் கொடுப்பது தவறு என்பேன்.

பெயர்களின் வரலாறு இதைவிடக் கவலை தருவது. 1931-இல் லிஸ்ஸெமிஸ் என்ற பேரினப் பெயரைச் சூட்டிய மால்கம் ஸ்மித், புள்ளியுள்ள வடக்கு ஆமையையே பங்க்டாட்டா என்றார். தெற்கு ஆமை அவருக்கு கிரானோசா. 1980-இல் ராபர்ட் வெப் பழைய விவரிப்புகளை ஆராய்ந்து, பங்க்டாட்டா என்று முதலில் பெயரிடப்பட்டது தெற்கு ஆமைதான் என்று காட்டினார். பெயர் தெற்கே வந்தது. பெயரிழந்த வடக்கு ஆமைக்கு ஆண்டர்சோனி என்று புதிதாகச் சூட்டினார். பெயரிடல் விதிகளின்படி வெப் செய்தது சரியே. ஆனால் அதற்குள் 1975-இல், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை தன் முதல் பட்டியலில் 'லிஸ்ஸெமிஸ் பங்க்டாட்டா பங்க்டாட்டா' என்று எழுதிவிட்டது. பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாமலே அந்தப் பெயர் வேறு விலங்கைச் சுட்டத் தொடங்கியது. 1995-இல் சிற்றினம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்குப் போனபிறகே கிளையினப் பெயரைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கியது. இதில் நான் குறைகாண்பது வெப்பிடம் அல்ல. இன்னும் உறுதிப்படாத மூன்றாம் பெயரில் சட்டத்தைத் தொங்கவிட்ட வழக்கத்திடம்.

மரபணு ஆய்வு இந்தக் குழப்பத்தைத் தீர்க்குமா? ஓரளவுக்கு. பிரஷாக், ஃப்ரிட்ஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஆய்வு, இலங்கைப் பாலாமையை லிஸ்ஸெமிஸ் சிலோனென்சிஸ் என்ற தனிச் சிற்றினமாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. அதுவரை தென்னிந்திய ஆமையோடு ஒரே பெயரில் கிடந்தது அது. கண்ணுக்குத் தெரியாத பிளவை மரபணு காட்டியது பெரிய பேறு. எனினும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவது. வடக்கு ஆணும் தெற்குப் பெண்ணும் கூடிப் பிறந்த குஞ்சை அது தெற்கு என்றே சொல்லும். கலப்பு நடக்கக்கூடிய எல்லைப் பகுதிகளில் உட்கரு டிஎன்ஏவையும் பார்க்காமல் முடிவு சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இதெல்லாம் வகைப்பாட்டாளர்களின் உள்வீட்டு வழக்கு இல்லை. 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் 6,000-க்கும் மேற்பட்ட பாலாமைகள் ஒரே சோதனையில் மீட்கப்பட்டன. இப்படி மீட்கப்படும் உயிர்களை எந்த நீரில் விடுவது? புள்ளி வடக்கு, தெற்கு என்று வேண்டுமானால் சொல்லும். எந்த ஆறு என்று சொல்லாது. தவறான ஆற்றில் விட்டால் நாமே கலப்பை உண்டாக்குகிறோம். மரபணுவைக் கொண்டு ஆற்றைக் கண்டறிய வேண்டுமானால், ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு படுகையிலிருந்தும் இடம் உறுதியான மாதிரிகள் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். காவிரி, வைகை, தாமிரபரணிப் பாசனக் குளங்களிலிருந்தும் அவை வேண்டும். ஆமையைக் கையிலெடுக்கும் எவரும், கிளையினப் பெயரை எழுதும் முன் பிடிபட்ட நீர்நிலையின் பெயரை எழுதட்டும்.