தாமியன் திருத்திய பட்டியல்

தொண்டு என்பது புழு; மதம் என்பது தூண்டில் முள். பாதிரிமார் ஆற்றும் பணிகளைப் பற்றி நம் மேடைகளில் இவ்வாறு முழங்குவோர் உண்டு, நாமும் முழங்கியிருக்கிறோம். ஆயினும் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிட்னி நகரிலிருந்து எழுதிய திறந்த மடலைப் படித்தபின், மீண்டும் அவ்வாறு முழங்க நமக்கு நா எழவில்லை. கடவுளை ஏற்காத நாம், கடவுளுக்காகவே வாழ்ந்து மடிந்த ஒருவரை எவ்வாறு மதிப்பிடுவது? இக்கேள்வியோடுதான் அம்மடலை அணுகுகிறோம்.

பசிபிக் மாகடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் 1865இல் ஒரு சட்டம் பிறந்தது. தொழுநோயுற்றோரைப் பிடித்து ஒதுக்கி வைக்கலாம் என்றது அது. மறு ஆண்டு முதல் அவர்கள் மொலக்காய்த் தீவின் வடகரைக்குக் கப்பலில் அனுப்பப்பட்டனர். பின்னே வானளாவும் செங்குத்துப் பாறை. முன்னே கொந்தளிக்கும் கடல். நடுவே ஒரு நிலத்துண்டு. தாயிடமிருந்து மகனும் கணவனிடமிருந்து மனைவியும் பிரிக்கப்பட்டு அங்கே கொண்டுபோய் விடப்பட்டனர். 1969 வரை நீடித்த அக்கொடுமைக்கு ஆளானோர் ஏறத்தாழ 8,000 பேர். 1873இல் அங்கே சென்றிறங்கினார் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார் தாமியன். அப்போது அவருக்கு வயது 33. புண்ணைக் கழுவினார், குடிசை கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். அந்நோய் அவரையும் பற்றியது. 1889 ஏப்ரல் 15ஆம் நாள் மாண்டார்.

மாண்டவரை உலகம் போற்றியது. அது பொறுக்கவில்லை ஹொனலூலுவில் வாழ்ந்த புரோட்டஸ்டண்டுப் போதகர் டாக்டர் ஹைடுக்கு. தாமியன் அழுக்கர், முரடர், மதவெறியர், எவரும் அனுப்பாமல் தாமே போனவர், ஒழுக்கம் கெட்டவர் என்றெல்லாம் மற்றொரு போதகருக்கு எழுதினார். அக்கடிதம் ஏட்டில் ஏறியது. (நல்லவனுக்குள் ஒளிந்திருக்கும் தீயவனுக்கு 1886இலேயே தம் கதையில் ஹைடு என்று பெயரிட்டவர் ஸ்டீவன்சன்! தற்செயல்தான், ஆனாலும் சுவையான தற்செயல்.)

ஸ்டீவன்சன் கத்தோலிக்கர் அல்லர். தாமியனைக் கண்டவரும் அல்லர். அவர் இறந்த மறு திங்களில் மொலக்காய் சென்று ஏறத்தாழ ஒரு வாரம் தங்கினார். அங்கே தாமியனின் அடியார்களிடம் அன்று, அவரோடு மாறுபட்டவர்களிடமே பெரிதும் செய்தி திரட்டினார். மடலின் வலிமைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நம் இரங்கற் கூட்டங்களில் மாண்டவர் அனைவரும் மாசற்ற மாணிக்கங்களாகிவிடுகின்றனர். புராணக்காரரைப் பழிக்கும் நாமே நாள்தோறும் புதுப் புராணம் எழுதுகிறோம்! ஸ்டீவன்சனோ ஹைடின் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அழுக்கரா? ஆம். முரடரா? ஆம். எவரும் அனுப்பாமல் போனாரா? அது பழியா, புகழா என்று போதகரையே கேட்கிறார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் எஞ்சி நிற்கும் மனிதரை நம்முன் நிறுத்துகிறார்.

மடலில் நம்மை மிகவும் ஈர்த்தது ஒரு சிறு நிகழ்ச்சி. இங்கிலாந்தில் திரட்டப்பட்ட பெருந்தொகை ஒன்று தாமியனிடம் வந்து சேர்ந்தது. அதை எவ்வாறு செலவிடுவது என்று பட்டியல் எழுதினார் அவர்; முழுவதும் கத்தோலிக்கருக்கே! தவறு என்று அவரிடம் நேருக்கு நேர் எடுத்துரைத்தனர். நெடும் பேச்சுக்குப் பின் பிழையை முற்றும் ஒப்புக்கொண்டு பட்டியலைத் திருத்தினார்.

முதற்பட்டியலை எழுதியது மதம். அழுகும் விரல்களுக்கிடையிலும் அது தன்னவர் எவர், பிறர் எவர் என்று பார்த்தது. இரண்டாம் பட்டியலை எழுதியது எது? அதுவே உண்மைக் கிறித்துவம் என்பார் கிறித்துவ நண்பர். அது மனிதத் தன்மை என்போம் நாம். இதில் வழக்காட நமக்கு விருப்பமில்லை. நோயாளிகளுக்குப் பணம் பொதுவாயிற்று, அது போதும். ஆனால் அவரை அப்படகில் ஏற்றியது அவருடைய நம்பிக்கையே. அதை மறைத்துவிட்டு, 'மனிதநேயர்' என்று அவரை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. அவர் கரையிறங்கிய அதே 1873இல்தான் நார்வே மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். நோயைத் தீர்க்கும் மருந்து மொலக்காயை எட்டியது 1946இல். இடையே கிடந்த எழுபத்து மூன்று ஆண்டுகள் புண்ணைக் கழுவ எவரேனும் வேண்டியிருந்தது அல்லவா? 2009இல் வாத்திகன் அவரைப் புனிதராக அறிவித்தது. அது அவர்கள் வீட்டுச் செய்தி.

மடலுக்குக் குறையில்லையா? உண்டு. ஹைடின் நல்ல வீட்டைப் பற்றி ஸ்டீவன்சன் அடுக்கும் குத்தல்கள் அளவு மீறியவை. சினம் சில இடங்களில் சிந்தனையை விழுங்கிவிடுகிறது. குற்றமற்றோரைக் கடலுக்கப்பால் தள்ளிய சட்டத்தின்மீது அவர் பேனா பாயவில்லை. போதகர் ஒருவர்மீதே பாய்ந்தது. அதனினும் பெருங்குறை ஒன்று. நோயுற்ற தம் உறவினரை விட்டுப் பிரிய மனமின்றி, நோயில்லாத ஹவாய் மக்கள் பலர் உடன் சென்றனர். கோக்குவா என்று அவர்களைக் குறிப்பர்; உதவி என்பது அச்சொல்லின் பொருள். அவர்களுள் ஒருவர் நபேலா, மார்மன் சபையினர், தாமியனின் நண்பர். 1873இல் நோயுற்ற மனைவியோடு சென்றவர், 1879இல் அந்நோய்க்கே இரையானார். வெள்ளைப் பாதிரியாருக்காக வாள் சுழற்றிய எழுத்தாளர் இவர்களுக்காக ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை.

இம்மடலைத் தமிழில் பதிப்பிக்க முன்வருவோர் முன்னுரையில் நபேலாவுக்கும் இரண்டு பக்கம் தரவேண்டுகிறோம்.